தென்பெண்ணையும் தொழிற்சாலைகளும்: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

ஓர் ஆறு ஒரு நகரத்தின் தொழில் வளர்ச்சியை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது, அதை மாடலாக்கிப் பார்ப்பது எப்படி என்பது பற்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. நீரியல், வரைபடவியல், புள்ளியியல் துறைகளில் வேலை பார்ப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

தென்பெண்ணை ஓசூரின் தொழில் வளர்ச்சியை எப்படி வடிவமைத்தது என்பதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். கம்பெனிகளையும் ஆற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். பெரும்பாலானவை ஆற்றிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வருகின்றன. “இதில் எதுவும் நிரூபணம் ஆகவில்லை” என்கிறார் கைடு. ஏன்?
— மாணவி, ஓசூர்

கைடு சொல்வது சரி. ஓசூரின் டீக்கடைகளைக் குறித்தாலும் இதே படம்தான் வரும். கம்பெனி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, கம்பெனி வராத இடமும் உங்கள் அட்டவணையில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆறு தொழிலுக்கு என்னென்ன வகையில் பயன்படும் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். படகில் சரக்கு போகலாம். ஓடும் நீரின் விசையில் ஆலை சுற்றலாம். ஆலைக்குள் தண்ணீர் எடுக்கலாம். கழிவை இறக்கலாம். கரையோரச் சமதளம் மலிவாகக் கிடைக்கலாம். தென்பெண்ணையில் முதல் இரண்டுக்கும் இடமே இல்லை. மூன்றாவது கொஞ்சம் உண்டு. நான்காவது நிறையவே உண்டு. இத்தனையையும் ‘ஆற்றிலிருந்து தூரம்’ என்ற ஒரே பத்தியில் அடைத்தால் வரும் எண்ணுக்குப் பொருள் இருக்காது. தண்ணீர் எடுக்க வந்தவர் ஊருக்கு மேலே இடம் தேடுவார், கழிவுக்காக வந்தவர் கீழே தேடுவார். இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துவிட்டு, ஆற்றுக்குப் பங்கே இல்லை என்று காட்டும்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம் சிகாகோ. 1848-இல் இல்லினாய் – மிச்சிகன் கால்வாய் திறந்து, சிகாகோ ஆறு மிசிசிப்பி வரை இணைந்தது. 1850-இல் ஏறத்தாழ 30,000 பேர் இருந்த ஊர், 1900-இல் 17 லட்சத்தை நெருங்கியது. ஆறுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? அந்த நகரின் முதல் ரயில் ஓடியதும் அதே 1848-இல்தான். முன்-பின் ஒப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு கால்வாயையும் ரயிலையும் யாராலும் பிரிக்க முடியாது.

ஓசூரிலும் இதே சிக்கல்தான். 1970-களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பெங்களூரு 40 கிலோமீட்டர், வாசலில் தேசிய நெடுஞ்சாலை, பின்தங்கிய பகுதிக்கான சலுகைகள். 1980-களில் வந்த அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவை லாரி, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் செய்பவை. சாயப்பட்டறை மாதிரித் தண்ணீரை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டவை அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். ஓசூர் அருகே தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணை முடிந்தது 1990-களில். அணையிலிருந்து தூரத்தை 1980-இல் வந்த கம்பெனிக்குக் காரணமாக வைத்தால், காரணம் விளைவுக்குப் பின்னால் வந்துவிடும். ஆண்டு வாரியாகப் பிரிக்காத அட்டவணையில் இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது.

இனி அட்டவணை. ஓசூரைச் சுற்றி 30-க்கு 30 கிலோமீட்டர் சதுரம் போட்டு, 1 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டுங்கள். 900 வரிசை கிடைக்கும். ஒவ்வொரு வரிசையிலும் அந்தக் கட்டத்தில் எத்தனை தொழிற்சாலை, ஆற்றிலிருந்து தூரம், ஆற்று மட்டத்தைவிட எவ்வளவு உயரம், நெடுஞ்சாலையிலிருந்து தூரம், பெங்களூரு எல்லையிலிருந்து சாலை வழித் தூரம், சரிவு, தொழிற்பேட்டைக்கு உள்ளா வெளியா என்று எழுதுங்கள். 1975, 1985, 1995, 2005, 2015 என்று ஐந்து தடவை இதைச் செய்ய வேண்டும். பழைய ஆண்டுகளுக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் உதவும். 1972 முதல் உண்டு, ஆனால் 30 மீட்டர் துல்லியம் 1982-க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய படத்தில் பெரிய கொட்டகை மட்டும்தான் தெரியும், பட்டறை தெரியாது.

சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுத் தேதியைத் தொழில் தொடங்கிய ஆண்டாக எடுக்காதீர்கள். அந்தப் பதிவு முறையே 2020 ஜூலையில்தான் வந்தது. அதை நம்பினால் ஓசூரில் பாதித் தொழில் கொரோனா காலத்தில் பிறந்ததாகத் தெரியும்.

கட்டங்களில் பெரும்பாலானவை பூச்சியமாகவும், சிப்காட் கட்டங்கள் சில எக்கச்சக்கமாகவும் இருக்கும். சாதாரண நேர்கோட்டு ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) இதற்கு ஒத்துவராது. எண்ணிக்கைகளுக்கான பாய்சான் ரிக்ரஷனும் சரிப்படாது, அதில் சராசரியும் மாறுபாடும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். மாறுபாடு அதிகமானாலும் ஏற்கும் நெகட்டிவ் பைனாமியல் ரிக்ரஷன் எடுங்கள், ஆர் மென்பொருளில் இலவசமாகவே இருக்கிறது. அப்போதும் சிப்காட் ஒரு பிரச்சினைதான். அங்கே நூறு கம்பெனிகள் தனித்தனியாக இடம் தேடி வரவில்லை. அரசு ஒரு தடவை இடம் தேர்ந்தது, மற்றவர்கள் அந்த வேலிக்குள் மனை வாங்கினார்கள். நூறு முடிவு அல்ல, ஒரே முடிவு. எனவே சிப்காட்டைச் சேர்த்து ஒரு தடவை, நீக்கிவிட்டு ஒரு தடவை என்று இரண்டு முறை ஓட்டி, இரண்டு விடைகளையும் எழுதுங்கள்.

முதலில் ஆற்றுத் தூரத்தை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பேச்சுக்கு, தூரத்தின் பாதிப்பைக் காட்டும் எண்ணான கெழு –0.12 என்று வந்தால், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகப் போகத் தொழிற்சாலை எண்ணிக்கை 11 சதவீதம் குறைகிறது என்று அர்த்தம். பிறகு நெடுஞ்சாலையையும் பெங்களூரு தூரத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். அது –0.02 ஆகச் சுருங்கினால், ஆறு என்று நீங்கள் நினைத்தது சாலைதான். சூளகிரிப் பக்கம் ஆறும் நெடுஞ்சாலையும் ஏறக்குறைய ஒரே திசையில் தென்கிழக்கே இறங்குவதால் இரண்டு தூரங்களும் ஒட்டிக்கொண்டே போகும். காரணிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் விஐஎஃப் எண்ணைப் பாருங்கள். 10-ஐத் தாண்டினால் அந்தக் கெழுக்களை நம்ப வேண்டாம்.

கடைசியாக, ஆறே இல்லாத ஓசூரைக் கணக்கில் கொண்டுவாருங்கள். பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஃபோகல் 1964-இல் ரயிலே இல்லாத அமெரிக்காவைக் கணக்கிட்டு, சரக்கு கால்வாயில் போயிருந்தால் நாட்டுக்கு எவ்வளவு இழப்பு என்று பார்த்தார். எல்லோரும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தது. அதில் கற்க வேண்டியது, ஒன்றை நீக்கினால் அந்த இடத்தில் பூச்சியத்தைப் போடக் கூடாது, அடுத்த மாற்றுவழியைப் போட வேண்டும் என்பது. ஆற்றுக்கு மாற்று இங்கே போர்வெல். 1,000 லிட்டரை 50 மீட்டர் ஏற்ற, பம்பு 60 சதவீதத் திறனில் ஓடினால் 0.23 யூனிட் மின்சாரம் ஆகும். 300 மீட்டர் ஆழத்துப் போரிலிருந்து அதே 1,000 லிட்டருக்கு 1.4 யூனிட். வித்தியாசம் ஏறக்குறைய 1.1 யூனிட். நாளைக்கு 20,000 லிட்டர் எடுக்கும் அசெம்பிளி ஆலைக்கு இது ஒரு செலவே இல்லை. 10 லட்சம் லிட்டர் எடுக்கும் ஆலைக்கு நாளொன்றுக்கு 1,100 யூனிட். தொழில் வகைக்குத் தொழில் ஆற்றின் மதிப்பு மாறுகிறது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். ஆய்வேட்டில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம்.

க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஆற்றைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் (அந்தத் தூரம் வரையிலான பட்டை) போட்டால் திரை முழுக்க ஒரே நிறமாகிவிடுகிறது. கோப்பு பழுதா?
— பொறியியல் மாணவர், பர்கூர்

கோப்பில் கோளாறு இல்லை. உங்கள் லேயர் டிகிரியில் இருக்கிறது. 500 மீட்டர் என்று நீங்கள் நினைத்ததை அது 500 டிகிரியாக எடுத்துக்கொண்டது. நம் பகுதியில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 108 கிலோமீட்டர். முதலில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறைக்கு மாற்றிச் சேமித்துவிட்டுப் பிறகு பஃபர் போடுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தலைவலி உண்டு. 78 டிகிரி தீர்க்கக்கோடு சூளகிரியை ஒட்டிப் போகிறது. ஓசூர் யுடிஎம்மில் 43-ஆம் மண்டலம் (மென்பொருளில் தேர வேண்டிய இபிஎஸ்ஜி எண் 32643), கிருஷ்ணகிரி நகரம் 44-ஆம் மண்டலம் (32644). சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாளும் அங்கேதான் 57 எச், 57 எல் என்று மாறுகிறது. ஆளுக்கொரு மண்டலத்தில் வேலை செய்து பிறகு ஒட்டினால் ஆறு சூளகிரியில் துண்டாகி, ஒரு பாதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். முழு மாவட்டத்துக்கும் 44-ஐயே வையுங்கள். ஓசூரில் வரும் பிழை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான்.

உயரத் தரவிலிருந்து ஆற்றை வரைவதானால் அணைப் பகுதியில் கவனம் தேவை. நீர்ப்பரப்பு தட்டையாக இருப்பதால் மென்பொருள் அங்கே ஸ்கேல் வைத்தாற்போல் நேர்கோடுகளை இழுக்கும். அந்தத் துண்டை மட்டும் கையால் வரைந்து மாற்றிவிடுங்கள்.

எங்கள் மாங்கூழ் ஆலையை விரிவாக்கலாம் என்று இருக்கிறோம். ஆறு 2 கிலோமீட்டரில் இருக்கிறது. ‘ஆண்டு சராசரி நீர்வரத்து தாராளம்’ என்று ஒரு ஆலோசகர் மாடல் போட்டுக் கொடுத்திருக்கிறார். நம்பலாமா?
— தொழில்முனைவோர், காவேரிப்பட்டணம்

ஆண்டு சராசரியை நம்பி ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். உங்களுக்குத் தண்ணீர் தேவைப்படுவது மே முதல் ஆகஸ்ட் வரை. நம் மாவட்டத்தில் நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில். சராசரி இந்த இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் காட்டிவிடும்.

அணையில் தண்ணீர் இருக்கிறதே என்பீர்கள். கே.ஆர்.பி. அணையின் (கிருஷ்ணகிரி அணை) முழுக் கொள்ளளவு 1,666 மில்லியன் கன அடி, அதாவது 4.7 கோடி கன மீட்டர். ஆயக்கட்டு ஏறத்தாழ 9,000 ஏக்கர். நெல்லுக்கு 1.2 மீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு போகத்துக்கே 4.4 கோடி கன மீட்டர் போய்விடும். அணை ஒரு தடவை நிரம்புவது ஒரு போகத்துக்குச் சரியாகப் போகிறது. மீண்டும் வரத்து இருந்தால்தான் மற்றவர்களுக்கு மிச்சம். பேப்பரில் வரும் அடிக் கணக்கையும் அப்படியே எடுக்க வேண்டாம். 52 அடி அணையில் 26 அடி இருந்தால் பாதித் தண்ணீர் என்று ஆகாது. அணையின் அடி குறுகல். கூம்பு வடிவம் என்று வைத்துக்கொண்டால் பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். உண்மையான அணை கூம்பும் அல்ல என்பதால், எந்த அடிக்கு எத்தனை கன அடி என்ற அட்டவணையை நீர்வளத் துறையில் கேட்டு வாங்குங்கள்.

எக்செல்லில் 12 வரிசை போட்டாலே மாடல் ஆயிற்று: மாதத் தொடக்க இருப்பு, கூட்டல் வரத்து, கழித்தல் ஆவி, கழித்தல் கசிவு, கழித்தல் ஆலைத் தேவை. ஆலைக்கு நாளைக்கு 100 கிலோலிட்டர் என்றால் நான்கு மாதத்துக்கு 12,300 கிலோலிட்டர். ஒரு ஏக்கர் பரப்பில் 3 மீட்டர் ஆழக் குட்டை வெட்டினால் 12,140 கன மீட்டர் பிடிக்கும். காகிதத்தில் பொருந்துகிறது. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளைக்கு 5.5 மில்லிமீட்டர் ஆவியானால் 66 சென்டிமீட்டர் போய்விடும். 3 மீட்டரில் அது 22 சதவீதம். கசிவு இதில் சேரவில்லை. தரையில் ஷீட் விரிக்காவிட்டால் மே மாதம் மாங்காய் வரும்போது குட்டையில் பாதிகூட இருக்காது. நிரப்பும் பக்கம் பாருங்கள்: ஆண்டு மழை 850 மில்லிமீட்டர், அதில் 15 சதவீதம் ஓடி வரும் என்றால் ஒரு ஹெக்டேர் நிலம் கொடுப்பது 1,275 கன மீட்டர். குட்டை நிரம்பப் பத்து ஹெக்டேர் வேண்டும். 5,000 சதுர மீட்டர் கொட்டகைக் கூரை மட்டும் 3,400 கன மீட்டர் கொடுக்கும். இது பலர் கணக்கில் சேர்க்காத எண்.

சராசரி ஆண்டில் மட்டும் ஓட்டாமல், மழைப் பதிவில் மோசமான இரண்டு ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்து ஓட்டுங்கள். அதில் ஆலை எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் வங்கிக்குச் சொல்ல வேண்டிய எண். ஆலோசகரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

கழிவுநீரில் பிஓடி (கழிவு சிதையத் தேவைப்படும் பிராணவாயு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆற்றில் விடலாம் என்கிறது விதி. விதிப்படியே விட்டும் ஆறு நாறுகிறதே, கணக்கு எங்கே இடிக்கிறது?
— ஓய்வுபெற்ற பொறியாளர், கிருஷ்ணகிரி

ஆற்றில் கலக்க ஆற்றுநீர் வேண்டும் என்ற இடத்தில் இடிக்கிறது. 1925-இல் ஒஹையோ ஆற்றுக்காக ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் எழுதிய சமன்பாடு இன்றும் போதுமானது. கழிவு பிராணவாயுவைத் தின்னும் வேகம், காற்றிலிருந்து அது திரும்பக் கரையும் வேகம், இந்த இரண்டும்தான் அதில் போட்டி.

30 என்பது 27 டிகிரியில் 3 நாள் சோதனை எண். சமன்பாட்டில் போட வேண்டியது, கழிவு முழுதும் சிதையும்வரை வேண்டிய பிராணவாயு, அதாவது முழுத் தேவை. அந்த வெப்பத்தில் சிதைவு வேகம் நாளுக்கு 0.32 என்றால் முழுத் தேவை 49 ஆகும். 30-ஐ அப்படியே போடுவது பொறியாளர்களே செய்யும் தவறு. இனி கையால் போட எளிதாகச் சிதைவு 0.23, மீள்கரைவு 0.46, தொடக்கக் குறை (நீரில் கரையக்கூடிய அதிகபட்சப் பிராணவாயுவிலிருந்து எவ்வளவு குறைகிறது என்பது) 1 என்று வைப்போம். ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 25 டிகிரியில் நீரில் கரையக்கூடிய அதிகபட்சப் பிராணவாயு 7.4 தான், கடல் மட்டத்தில் இருக்கும் 8.3 அல்ல. வறண்ட ஆற்றில் கழிவுநீர் மட்டும் ஓடினால் குறை 12.5 வரை போக வேண்டும். இருப்பதே 7.4. அதாவது பிராணவாயு பூச்சியத்தைத் தொட்டு, நாற்றம் தொடங்கிவிட்டது. அதற்குக் கீழே சமன்பாடு காட்டும் எதிர்மறை எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

அதே கழிவு ஒரு பங்கு, முழுத் தேவை 5 உள்ள நல்ல தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் கலவை 16. குறை 4.3-இல் நின்று, மிச்சம் 3.1 இருக்கும். மீனுக்குப் போதாது, ஆனால் நாறாது. ஆக, தரம் 30 என்பது கலக்கத் தண்ணீர் உள்ள ஆற்றுக்கு. கெலவரப்பள்ளிக்கு வரும் ஆறோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகப் பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டுதான் எல்லை தாண்டுகிறது. கலக்க வேண்டிய தண்ணீரே கழிவு. நுரைக்குக் காரணமான சலவைப் பொருட்கள் இந்தச் சமன்பாட்டில் வரவே வராது, பாஸ்பேட்டையும் சேர்த்து அவற்றைத் தனியே அளக்க வேண்டும்.

தொழில் வளர்ச்சி மாடலுக்குள் இதைக் கொண்டுவர, ஆற்றின் கொள்திறனை ஒரு வரம்பாகப் போடுங்கள். திருப்பூரில் நொய்யல் அப்படித்தான் வேலை செய்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஆற்றின் வரம்பு ஒரே நாளில் உற்பத்தியின் வரம்பாக ஆனது. வளைவு மெல்லச் சரியவில்லை, செங்குத்தாக விழுந்தது. உங்கள் மாடலிலும் அந்த மாதிரி ஒரு வெட்டு இருக்க வேண்டும்.

அறிவியல் கண்காட்சிக்கு ஓசூர் முதல் கே.ஆர்.பி. அணை வரை ஆறும் தொழிற்சாலைகளும் தெரிகிற ஒர்க்கிங் மாடல் செய்யப் போகிறோம். போன வருடம் தெர்மகோல் கரைந்துபோனது, தண்ணீரும் ஓடவில்லை.
— ஆசிரியர், பாலக்கோடு

4-க்கு 2 அடி பிளைவுட் போதும். 1:50,000 அளவில் ஒரு கிலோமீட்டர் 2 சென்டிமீட்டர் ஆகும், 4 அடியில் 60 கிலோமீட்டர் அடங்கும். உயரம்தான் ஏமாற்றும். ஓசூருக்கும் அணைக்கும் இடையே சுமார் 400 மீட்டர் இறக்கம். அதே அளவில் அது வெறும் 8 மில்லிமீட்டர், தண்ணீர் அசையாது. உயரத்தை மட்டும் பத்து மடங்காக்குங்கள். 8 சென்டிமீட்டர் வரும். ஒரு சென்டிமீட்டர் தெர்மகோல் ஷீட் 50 மீட்டரைக் குறிக்கும், எட்டு ஷீட்டில் வேலை முடிந்தது. ஒவ்வொன்றையும் 50 மீட்டர் சமவுயரக் கோட்டில் வெட்டி அடுக்குங்கள்.

கரைந்ததற்குக் காரணம் எனாமல் பெயின்ட், தின்னர், அல்லது ரப்பர் பசை. மூன்றும் தெர்மகோலைத் தின்றுவிடும். ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே வெள்ளை சிமென்டில் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் பூசி, ஒரு நாள் காயவிட்டு, சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பூசுங்கள். ஆற்றை அளவுப்படி வெட்டினால் 2 மில்லிமீட்டர்தான் வரும். அந்த அகலத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், ஓடாது. ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டுங்கள். அகலமும் உயரமும் அளவுக்கு மாறானவை என்று பலகையில் எழுதியும் வையுங்கள், நடுவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

மீன்தொட்டிக்கு விற்கும் 18 வாட் பம்பு போதும், ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு மேல் தள்ளிக் கரையை உடைத்துவிடும். குழாயில் ஒரு வால்வு போட்டு ஒரு லிட்டராகக் குறையுங்கள். தொழிற்சாலைகளை மேட்டில் ஒட்டாமல் ஒளி ஊடுருவும் மூன்று ஓஎச்பி ஷீட்டுகளில் 1975, 1995, 2015 என்று தனித்தனியே குறித்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் வளர்ச்சி கண்முன் தெரியும். கழிவுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சலைன் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வால்வைத் திறந்து மூடினால் ஆற்றில் தண்ணீர் அதிகமானதும் நிறம் வெளிறுவதை மாணவர்களே காட்டலாம். கீழே வந்த தண்ணீரைத் திரும்பப் பம்புத் தொட்டிக்கு விடக் கூடாது. கால் மணி நேரத்தில் ஆறு முழுக்க ஊதாவாகிவிடும். மேலே ஒரு 20 லிட்டர் வாளி, கீழே காலி வாளி ஒன்று என்று தனித்தனியே வையுங்கள்.